அர்ச்சுனன் எந்தக் கண்ணை மூடினான்?

யார் கையில் வில்லைக் கொடுத்தாலும் சரி, நாணை இழுக்கும் முன்பே ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது. மெரினாவில் பலூன் சுட்ட பழக்கம், சினிமாவில் கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கும்போது பார்த்துப் பார்த்துப் படிந்தது. குறி என்றாலே ஒற்றைக் கண் என்று மண்டையில் ஊறிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கோடை விடுமுறை வில்வித்தை முகாம்களில் பயிற்சியாளர்களே பிள்ளைகளிடம், "ஒரு கண்ணை மூடிக்கோப்பா" என்று சொல்லிக்கொடுக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஆதாரம் கேட்டால் அர்ச்சுனனைக் கூட்டி வருகிறார்கள். மரத்தில் பொம்மைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று துரோணர் கேட்ட கதை. மற்றவர்களுக்கு மரம் தெரிந்தது, அண்ணன் தம்பிகள் தெரிந்தார்கள், குருவும் தெரிந்தார். அர்ச்சுனனுக்குப் பறவையின் கண் மட்டும்தான் தெரிந்தது என்பார்கள். வியாச பாரதத்தில் அவன் சொல்வது தலை, அது இருக்கட்டும். அந்தக் கதையில் யாராவது கண்ணை மூடினார்களா? மனம் ஓரிடத்தில் நிற்பது வேறு, இமை மூடுவது வேறு. அதிலும் அவன் சவ்வியசாசி, இடக்கையாலும் நாணிழுத்து எய்யக்கூடியவன். கை மாற்றும்போதெல்லாம் கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தானா?

துப்பாக்கியிலிருந்துதான் இந்தப் பழக்கம் வந்தது என்றால், அங்கேயும் கதை வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்ட துருக்கியர் யூசுஃப் டிகெச்சின் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் போட்டி. அவர் அணிக்கு வெள்ளி, நம் மனு பாக்கர், சரப்ஜோத் சிங் அணிக்கு வெண்கலம். எல்லோரும் அந்தப் பாக்கெட்டையே பார்த்தார்கள். அவருடைய இரண்டு கண்ணும் திறந்திருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. வேறு பல வீரர்கள் ஒரு கண்ணுக்கு முன்னால் சின்னத் தடுப்பு ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். அது அந்தக் கண்ணை மூட அல்ல, மூடாமலே சுடுவதற்கு.

வில்லில் இந்தப் பழக்கம் செய்யும் கெடுதல் இன்னும் அதிகம். ரிகர்வ் வில்லில் பின்பக்கக் குறிமுனை என்று எதுவும் கிடையாது. எய்பவரின் முகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. முழுதாக இழுத்த நாண் மூக்கு நுனியையும் மோவாயையும் தொட வேண்டும். ஆள்காட்டி விரல் தாடையின் அடியில் பதிய வேண்டும். ஒவ்வொரு அம்புக்கும் அதே இடம். இந்த நேரத்தில் ஒரு கண்ணை இறுக்கிப் பாருங்கள். கன்னம் மேலே ஏறும், உதடு கோணும், பலருக்குத் தலையும் கூடவே சாயும். அளவுகோலையே வளைத்துவிட்டு அளப்பதுபோல. போதாததற்குத் திறந்திருக்கும் கண்ணும் பாதி சுருங்கிவிடுகிறது. அதன் பாவையோ விரிகிறது. ஏனென்றால் இரண்டு கண்ணிலும் விழும் வெளிச்சத்தைச் சேர்த்துத்தான் பாவையின் அளவு அமைகிறது. பாவை விரிந்தால், கைக்கெட்டும் தூரத்தில் வில்லில் இருக்கும் குறிமுள்ளான சைட் பின்னும் 70 மீட்டருக்கு அப்பால் இருக்கும் வளையமும் ஒருசேரத் தெளிவாகத் தெரிவது குறையும். தெளிவு வேண்டி மூடிய கண் தெளிவைக் குறைக்கிறது.

சரி, தெளிவுதான் எல்லாமா? தென் கொரியாவின் இம் டோங்-ஹியூனுக்கு இடது கண்ணில் பார்வை 20/200, வலது கண்ணில் 20/100. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில், லார்ட்ஸ் மைதானத்தில், கண்ணாடி போடாமல் 72 அம்பில் 720க்கு 699 எடுத்தார். அன்றைக்கு அது உலக சாதனை. அம்புக்குச் சராசரி 9.7. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 12.2 சென்டிமீட்டர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவரிடம் போய் இன்னும் கொஞ்சம் கண்ணைச் சுருக்குங்கள் என்று சொல்வார்களா? ஜப்பானியரின் கியூடோவிலும் 28 மீட்டரில் இருக்கும் 36 சென்டிமீட்டர் இலக்கை இரண்டு கண்ணையும் திறந்தே பார்க்கிறார்கள்.

"இரண்டாகத் தெரிகிறதே" என்பார்கள். தெரியும். தூரத்து இலக்கில் பார்வை நின்றால் பக்கத்துப் பொருள் இரட்டையாகத்தான் விழும். ஆனால் இழுக்கும் கையின் பக்கத்துக் கண்ணே ஓங்கிய கண்ணாக, அதாவது மூளை அதிகம் நம்பும் கண்ணாக இருந்தால், பழகப் பழக மூளை அதன் காட்சியைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். நாணில் பீப் துளை உள்ள காம்பவுண்ட் வில்லில் கண் மூடுவதால் வரும் நட்டம் கொஞ்சம் குறைவுதான். ஒரு கண்ணை மூடிப் பதக்கம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான அம்பு எய்து முகத்தைப் பழக்கிக்கொண்டவர்கள் அவர்கள். முதல் வாரத்துப் பிள்ளைக்கு அவர்களை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

வில்லைத் தொடுமுன் பார்க்க வேண்டியது எந்தக் கண் ஓங்கியது என்பதைத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், ஒரு கண்ணுக்குப் பொருள் நிற்கும், மற்றதற்கு மறைந்துவிடும். பொருள் நிற்கும் கண்தான் ஓங்கியது. அரை நிமிட வேலை. வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஓங்கலும் சேர்ந்த பிள்ளைகள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அப்படி ஒரு பிள்ளைக்கு வலக்கை வில்லைக் கொடுத்து இடது கண்ணை மூடச் சொன்னால், பத்து அம்பு ஒழுங்காகப் போகும். பிறகு இமை வலித்துத் திறந்துகொள்ளும். கண்கள் இரண்டுக்கும் இடையே இருப்பது ஆறு சென்டிமீட்டர் போலத்தான். ஆனால் சைட் பின் இடது கண்ணுக்கு நேராகவும் அம்பின் வால் வலது கண்ணுக்குக் கீழேயும் இருந்தால், பத்து மீட்டரிலேயே அம்பு அரை மீட்டருக்கும் மேல் இடப்பக்கம் விலகும். பலகையையே தாண்டிப் போகும். உடனே "கவனம் எங்கே இருக்கு?" என்று திட்டு விழும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. இடக்கையால் இழுக்கப் பழக்கலாம். தொடக்கத்திலேயே மாற்றினால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அது முடியாவிட்டால் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டலாம். வெளிச்சம் உள்ளே வரும், இமைக்கு வேலையில்லை, விதியும் அனுமதிக்கிறது. ஆனால் இடக்கையால் இழுக்க அம்பு உட்காரும் பக்கம் மாறிய தனி வில் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு முகாமில் சுவரோடு வரிசையாக மாட்டியிருந்த வில்கள் அத்தனையும் வலக்கை வில்கள். இடக்கை வில் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "கண்ணை மூடிக்கிட்டா சரியாயிடும் சார்" என்றார்கள். மாதக் கட்டணத்தை மட்டும் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி வாங்கினார்கள்.