காற்று வராத பிக்கப்பும் கண்டறியும் கூலியும்



வளைகுடா நாடுகளில் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கின்றனர். தண்ணீர்க் கேன்களையும் காய்கறிப் பெட்டிகளையும் கட்டுமானச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஃபஜ்ருக்குப் பின் புறப்படுபவர்கள், இஷாவுக்கு முன் அறை திரும்பினால் அன்று நல்ல நாள். அந்த வண்டியின் முன்னறைதான் அவர்களுடைய பணியிடம், உணவுக்கூடம், சில வேளைகளில் உறங்குமிடமும்கூட. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காற்று நின்றுபோவதை வசதிக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. வெளியே 45 பாகை வெயில் அடிக்கும்போது, மூடி நிறுத்திய வண்டியின் உள்ளே 60 பாகையைத் தாண்டுவது வழக்கம். சன்னலை இறக்கினால் உள்ளே வருவதும் அனல்தான். வெயிலில் வெளிவேலை வாங்கக் கூடாது என்று சஊதி அரேபியாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை தடை இருக்கிறது. கத்தரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை என்று அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அந்த நேரங்களில் சரக்கு வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே, ஏசி காற்று நின்றவுடன் ஓட்டுநர் ஸனாயிய்யாவுக்கு ஓடுகிறார். அங்கே அடிக்கடி நடப்பது இது. முதல் நாள், “கேஸ் குறைந்திருக்கும்” என்று கேஸ் ஏற்றப்படுகிறது. காற்று வரவில்லை. இரண்டாவது முறை, “மோட்டார் போய்விட்டது” என்று மோட்டார் மாற்றப்படுகிறது. ஒரு வாரம் ஓடி மீண்டும் நிற்கிறது. மூன்றாவது முறை வேறு ஏதோ ஒன்று. மூன்று முறையும் பணம் கொடுக்கப்பட்டுவிட்டது. கழற்றிய மோட்டார் நல்ல மோட்டாரா, கெட்ட மோட்டாரா என்பதை யாரும் பார்க்கவில்லை.

இதைத் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்லி விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. பிறருடைய பணத்தை வைத்து ஊகம் ஆடுவது இது. அதே நேரத்தில், இந்த ஊகத்துக்கு மெக்கானிக்கை மட்டும் குற்றவாளியாக்குவதும் நீதியாகாது. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், இந்தப் பழுதைக் கண்டறிவது எவ்வளவு எளிது என்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது.

‘ஏசி வேலை செய்யவில்லை’ என்பது நோயின் பெயர் அன்று. குளிர் இல்லாமை வேறு, காற்று இல்லாமை வேறு. காற்று வேகமாக வந்து, அது சூடாக இருந்தால் கேஸையும் கம்ப்ரசரையும் பார்க்க வேண்டும். காற்றே வரவில்லை என்றால் ப்ளோயரைப் பார்க்க வேண்டும். காற்று வராத வண்டிக்குக் கேஸ் ஏற்றுவது, காது கேட்காதவருக்குக் கண்ணாடி மாட்டுவதைப் போன்றது.

ப்ளோயர் பெரும்பாலான பிக்கப்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னால், டேஷ்போர்டு அறைப்பெட்டிக்குப் பின்புறம் இருக்கிறது. குமிழைத் திருகி நான்கு வேகம் வைக்கும் பழைய வகையில், வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு ரெசிஸ்டர் உண்டு. நான்காவது வேகத்தில் மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகச் செல்வதில்லை, நேராக மோட்டாருக்குப் போகிறது. ஆதலால் 1, 2, 3 ஆகிய வேகங்களில் காற்று இல்லாமல் நான்கில் மட்டும் சீறிக்கொண்டு வந்தால், மோட்டார் உயிரோடு இருக்கிறது, ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது என்று பெட்டியைக் கழற்றாமலே சொல்லிவிடலாம். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் ரெசிஸ்டரின் விலை சிறிது. இந்த ஓர் அடையாளத்தை ஓட்டுநர் தெரிந்து வைத்திருந்தால், தேவையற்ற ஒரு மோட்டாரின் விலை மிஞ்சும்.

நான்கிலும் காற்று இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே, பிறகு மோட்டாருக்கு வரும் மின்சாரம். டேஷ்போர்டைத் தட்டினால் ஓடி மறுபடி நிற்குமானால், மோட்டாரின் உள்ளிருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் இரைகிறது, காற்று மட்டும் நூலிழையாக வருகிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு ஏசி ஃபில்டரை உருவிப் பார்க்க வேண்டும். பாலைவனத் தூசி அதை அட்டையாக்கியிருக்கும். ஃபில்டர் இல்லாத வண்டிகளில் டிஷ்யூ காகிதம் உறிஞ்சப்பட்டு விசிறிக் கூண்டில் சுற்றிக் கிடப்பதும் உண்டு. வளைகுடா வண்டிகளில் டிஷ்யூ பெட்டி இல்லாத டேஷ்போர்டைப் பார்ப்பது அரிதல்லவா! தொடக்கத்தில் நன்றாக வீசி, அரை மணி நேரத்தில் குறைந்து, ஏசியைச் சிறிது நேரம் அணைத்தபின் மீண்டும் வீசுமானால், உள்ளே கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது என்று பொருள். அங்கே ப்ளோயர் மேல் குற்றமில்லை.

இப்போது, அனுபவமுள்ளவர்களும் தடுக்கி விழும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ஜப்பானியத் தயாரிப்பான பழைய வண்டிகள் பலவற்றில் மோட்டாருக்கு 12 வோல்ட் மின்சாரம் ரிலே வழியாக நேரடியாக வந்துவிடும். சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்குப் பின்னால், எர்த் பக்கத்தில் இருக்கும். மெக்கானிக் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை வண்டியின் உடம்பில் கவ்வவைத்து, மறுமுனையால் மோட்டாரின் கம்பியைத் தொடுகிறார். விளக்கு எரிகிறது. “கரண்ட் வருகிறது, மோட்டார் ஓடவில்லை, மோட்டார்தான் போய்விட்டது” என்று முடிவு கட்டுகிறார். உண்மையில் மின்சாரம் வருகிறது, ஆனால் திரும்பிப் போக வழியில்லை. சுவிட்சிலோ எர்த் கம்பியிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. உடம்பைத் தொட்டுச் சோதிப்பதற்குப் பதில், கனெக்டரைக் கழற்றிக் குமிழை நான்காவது வேகத்தில் வைத்து, கனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்திருந்தால் உண்மை அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அங்கே 12 வோல்ட் இருந்து மோட்டார் ஓடவில்லை என்றால் சந்தேகம் மோட்டார் மேல். 12 வோல்ட் இல்லையென்றால் மோட்டார் நிரபராதி. இன்னும் உறுதி வேண்டுமெனில், ஃபியூஸ் இணைத்த ஒரு கம்பி வழியாக பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். ஓடினால் புதிய மோட்டார் தேவையில்லை. (குமிழுக்குப் பதில் எண்பலகையில் பாகை காட்டும் தானியங்கி ஏசி உள்ள வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. அதற்கு இதே முறையைக் கண்மூடிப் பின்பற்றக் கூடாது.)

சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் செயல்பட்டு ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட வேண்டாம் என எச்சரிக்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஊகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. அவை மனிதர்களுக்கிடையிலான உறவைப் பற்றி இறங்கியவை என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஊகத்தின் விலையை இன்னொருவர் செலுத்தும் எந்த இடத்திலும் அந்த ஒழுக்கம் நமக்குத் தேவைப்படுகிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி அடியில் ஈரத்தை மறைப்பதை அவர்கள் மோசடி என்று கண்டித்தார்கள். சோதிக்காமல், “மோட்டார் போய்விட்டது” என்று உறுதியான குரலில் சொல்வதும் தன் அறியாமையை மறைத்து மேற்பரப்பை மட்டும் காட்டுவதுதான். “தெரியவில்லை, பார்த்துத்தான் சொல்ல வேண்டும்” என்ற சொல்லில் எந்த மெக்கானிக்குக்கும் இழிவில்லை.

ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்வதில்லை? சொன்னால் கூலி கிடைக்காது என்பதனால்தான். இங்கேதான் வாடிக்கையாளரின் பங்கு வருகிறது. ஒரு மணி நேரம் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து, துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்து, சுரண்டித் துடைத்து முறுக்கிவிட்டு எழும் மனிதரிடம், “எந்தப் பொருளும் மாற்றவில்லையே, இதற்கு எதற்கு இவ்வளவு?” என்று கேட்கிறார்கள். அதே ஆள் தேவையற்ற மோட்டாரை மாட்டிவிட்டு நான்கு மடங்கு கேட்டால் பேரம் பேசிக் கொடுத்துவிடுகிறார்கள். கண்டுபிடித்தவருக்குத் தண்டனையும் ஊகித்தவருக்குப் பரிசும் கொடுக்கும் இந்த வழக்கம் இருக்கும்வரை ஸனாயிய்யாவில் மல்டிமீட்டர் பெட்டியில்தான் உறங்கும். இது வளைகுடாவின் கதை மட்டுமன்று. நம் வீட்டுக்கு வரும் ஃப்ரிட்ஜ், கிரைண்டர் மெக்கானிக்குகளிடமும் நம் குடும்பங்களில் இதே பேச்சுத்தான் கேட்கிறது.

நம் ஃபிக்ஹு இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. வேலையையும் கூலியையும் முன்கூட்டியே தெரிவித்துச் செய்யும் ஒப்பந்தம் இஜாரா. பலன் கிடைத்தால் இவ்வளவு என்று அறிவித்துச் செய்வது ஜுஆலா. யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதை ஷாஃபிஈ அறிஞர்கள் ஜுஆலாவுக்கு ஆதாரமாகக் காட்டுவர். ஹனஃபி அறிஞர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும் வண்டியைத் திறப்பதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளும் வழி இருக்கிறது. சோதித்துச் சொல்வதற்கு இவ்வளவு ரியால், பொருள் மாற்ற வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக இவ்வளவு என்று பேசுவது இஜாரா. ஷாஃபிஈகளைப் பொறுத்தவரை, காற்று வந்தால் இவ்வளவு, வராவிட்டால் ஒன்றுமில்லை என்பதும் செல்லும். இப்போது நடப்பது இரண்டும் இல்லை. எதற்கு எவ்வளவு என்பது கடைசிவரை புகைமூட்டமாக இருக்கிறது. காற்று வராவிட்டாலும் மாற்றிய பொருளின் விலை ஓட்டுநர் தலையில் விழுகிறது. உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொல்லும் ஹதீஸை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். பழுதைக் கண்டுபிடிப்பதற்காகச் சிந்திய வியர்வையும் அதில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

இனி, வண்டியின் உரிமையாளர். ப்ளோயர் பழுதுக்கான செலவை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் கஃபீல்களும் கம்பெனிகளும் உண்டு. அவர்களில் சிலர் நம்மவர்களே என்பதுதான் கூடுதல் வேதனை. ஒருவரிடம் மட்டும் சம்பளத்துக்கு வேலை செய்பவரின் கையை ஃபிக்ஹு அறிஞர்கள் அமானிதக் கை என்கின்றனர். அவர் அத்துமீறியோ அலட்சியமாகவோ நடந்தாலன்றி, கையிலுள்ள பொருள் பழுதானதற்கு அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கார்பன் பிரஷ் தேய்வது ஓட்டுநரின் அலட்சியம் அன்று. மாறாக, கருகும் வாடை வந்தும் சொல்லாமல் ஓட்டுவது, ஃபியூஸ் போகிறதென்று அதைவிடப் பெரிய ஃபியூஸைச் சொருகுவது, ரிலேயைத் தவிர்த்து ‘டைரக்ட்’ கம்பி இழுப்பது ஆகியவை அலட்சியத்தில் சேரும். உச்ச வேகத்தில் ப்ளோயர் ஏறத்தாழ 20 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. அதைத் தாங்காத கம்பி டேஷ்போர்டுக்குள் சூடேறினால் தீப்பிடிக்கும். அப்போது பேச்சு சம்பளத்தைப் பற்றியதாக இருக்காது.

வண்டியைப் பழுதுக்கு விடும் சகோதரர்களிடம் நாம் வேண்டுவது பெரிய காரியமில்லை. எந்தெந்த வேகத்தில் காற்று வருகிறது, சத்தம் கேட்கிறதா, நின்றது திடீரென்றா மெல்ல மெல்லவா என்பதைக் கவனித்துக்கொண்டு போகட்டும். “ஏசி போச்சு” என்பதற்குப் பதில் இதைச் சொல்லட்டும். சோதனைக் கூலியை முதலிலேயே பேசி, அதைத் தயங்காமல் கொடுக்கட்டும். மோட்டாரை மாற்ற வேண்டும் என்றால், பேட்டரியில் நேரடியாக இணைத்து அது ஓடாததைக் கண்முன் காட்டச் சொல்லட்டும். கழற்றிய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ரெசிஸ்டரை மாற்றினால் அது சொருகும் கனெக்டரையும் திருப்பிப் பார்க்கட்டும். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அந்தக் கனெக்டரையும் மாற்றியாக வேண்டும். தேய்ந்த மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும்போதும், முனைகள் தளர்ந்திருக்கும்போதும்தான் அது கருகுகிறது. ஆகவே மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் அன்றே மீட்டரில் அளந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதிய ரெசிஸ்டரும் சில வாரங்களில் அதே ஓட்டையில் கருகும், அதுவும் பெரும்பாலும் ளுஹருக்கும் அஸருக்கும் இடையில், நெடுஞ்சாலையின் நடுவில்.