வெட்கப்படாமல் சொல்லுவோம்

"மலத்தோட இரத்தம் போகுது, சூடு எண்டு விட்டிட்டன் அக்கா" என்று வடமராட்சிச் சகோதரி ஒருவர் என்னிடம் சொன்னார். முகாம்களில் மலசலகூட வரிசையில் நின்ற நாம், வயிற்று நோயைச் சொல்ல இன்றும் கூசுகிறோம்.

இரத்தமும் சளியும் கலந்த வயிற்றோட்டம் வாரக்கணக்கில் நீடித்தால் அது குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, ஒரு இலட்சம் பேரில் சுமார் 5 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதாகக் கண்டது.

நோய் எவ்வளவு மும்முரம் என்று அறிய மலப் பரிசோதனை ஒன்று உதவும். குடல் புண்ணாகும்போது வெண்குருதிக் கலங்கள் அங்கே திரளும். அவற்றிலுள்ள கல்புரொட்டெக்டின் என்ற புரதம் மலத்தில் கலக்கும். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் குறைவென்றால் அழற்சி இருக்கும் வாய்ப்புக் குறைவு. 250ஐத் தாண்டினால் அழற்சி மும்முரமாக இருக்கலாம். இரத்தத்தில் பார்க்கும் சீ.ஆர்.பி. சிலருக்கு நோய் இருந்தும் உயர்வதில்லை.

கிருமித்தொற்றும் சில நோ மாத்திரைகளும் கல்புரொட்டெக்டினைக் கூட்டும். ஆகவே பாவிக்கும் மருந்துகளை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வயிறு அடங்கிவிட்டதென்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோவு இல்லாமலே உள்ளே புண் இருக்கலாம். சகோதரிகளே, இரத்தம் கண்டால் காலம் தாழ்த்தாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கேட்டால், அந்தச் சிறு போத்தலை வெட்கப்படாமல் கொடுங்கள்.