எத்தனை முறை நிரூபிப்பது? - பெஞ்சமின் டேவிஸ் என்ற போர் விமானி

விடுதியில் தங்கிப் படிக்கும் தோழர் ஒருவர் போன மாதம் நம்மிடம் கேட்டார்: "நல்லா படிச்சு, நல்ல மார்க் வாங்கி, நல்ல வேலைக்கும் போய்க் காட்டிட்டா இவங்க வாய அடைச்சிரலாம்ல?" அவர் அறையில் இருக்கும் மற்ற மாணவர்கள் அவரிடம் பேசுவதில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. சாதி தெரிந்த நாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அன்று நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாக இல்லை. ஆகவே, வாழ்நாள் முழுக்க "செய்து காட்டிய" ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறோம்.

பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் 1932இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் கருப்பர். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே சக மாணவர்கள் கூடி முடிவெடுத்தார்கள்: இவனிடம் யாரும் பேசக்கூடாது. அலுவல் காரணம் இருந்தால் மட்டும் பேச்சு. அறையில் தனியாக இருந்தார். சாப்பாட்டு மேசையில் சுற்றிலும் ஆட்கள், ஒரு சொல் கிடையாது. நான்கு ஆண்டுகள் இப்படி. தானாக ஓடிவிடுவான் என்பது கணக்கு. அவர் ஓடவில்லை. 1936இல், 270க்கும் மேற்பட்டோர் இருந்த வகுப்பில் 35ஆவதாகத் தேறினார். நம் ஊரில் இதற்குப் பெயர் ஊர்விலக்கம்.

சரி, செய்து காட்டிவிட்டார். வாய் அடைத்ததா?

விமானி ஆக விண்ணப்பித்தார். மறுத்தார்கள். விமானப் பிரிவில் கருப்பர்களுக்குத் தனிப் படையணி இல்லை, வெள்ளையர் படையணியில் கருப்பரைச் சேர்க்க முடியாது, ஆகவே இடமில்லை. ("தகுதியான ஆள் கிடைக்கவில்லை" என்று எழுதிப் பின்னடைவுப் பணியிடங்களைக் காலியாகவே வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொள்வார்கள்.) ஜார்ஜியாவில் ஃபோர்ட் பென்னிங் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அதிகாரிகள் மன்றத்தில் அவருக்கு அனுமதி இல்லை. தோளில் அதிகாரிக்குரிய பட்டை இருந்தது, உள்ளே போக உரிமை இல்லை.

கருப்பர்கள் கோழைகள், அறிவில் குறைந்தவர்கள் என்று அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி 1925இலேயே ஓர் "ஆய்வு" எழுதி வைத்திருந்தது. பிரிட்டிஷார் நம் நாட்டில் "போர்க்குடிகள்" என்று ஒரு பட்டியல் போட்டு, 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியதும் இதே வகை அறிவுதான். சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகன் அம்பேத்கர் அதை எதிர்த்து நெடுங்காலம் வாதாடினார். மகர் படைப்பிரிவு 1941இல் உருவானது. அதே 1941இல்தான் அலபாமாவின் டஸ்கீகியில் கருப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. இரண்டு கதவும் ஒரே ஆண்டில் திறந்ததற்கு, போருக்கு ஆள் தேவைப்பட்டது ஒரு காரணம். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தட்டிக்கொண்டே இருந்தவர்கள் இன்னொரு காரணம். அமெரிக்காவில் கருப்பினப் பத்திரிகைகளும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் ஆண்டுக்கணக்கில் கொடுத்த அழுத்தம் அது.

முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 13 பேர். 1942 மார்ச்சில் விமானிகளாகத் தேறியவர்கள் 5 பேர், அவர்களில் டேவிஸ் ஒருவர். அடுத்த ஆண்டு 99ஆவது போர் விமானப் படையணியை வட ஆப்பிரிக்காவுக்கு நடத்திப் போனார். போர் அனுபவம் உள்ள ஒரு விமானிகூட அந்த அணியில் இல்லை. இருக்கவும் வழியில்லை, அதுவரை எந்தக் கருப்பரையும் அமெரிக்கா போர் விமானத்தில் ஏற்றியதே இல்லையே! சில மாதங்களிலேயே மேலதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள்: இவர்களிடம் தாக்கும் வேகம் போதாது, முன்வரிசையிலிருந்து எடுத்துவிடலாம். டேவிஸ் வாஷிங்டன் போய் விசாரணைக் குழு முன் நின்று தன் ஆட்களுக்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1944 ஜனவரியில் இத்தாலியின் அன்சியோ கடற்கரைமேல் இரண்டே நாளில் 10க்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை அந்த அணி வீழ்த்திய பிறகுதான் பேச்சு அடங்கியது.

பிறகு 332ஆவது குழு, வால் பகுதியில் சிவப்பு வண்ணம் பூசிய பி-51 விமானங்கள். குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறப்பது வேலை. தலைமை டேவிஸ். இவர்கள் துணைபோன குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை என்ற கதை பல பத்தாண்டுகள் உலவியது. ஆவணங்களைப் புரட்டிய வரலாற்றாய்வாளர்கள் கிட்டத்தட்ட 25 விமானங்கள் இழக்கப்பட்டதைக் கண்டார்கள். அதே வேலையைச் செய்த மற்றக் குழுக்களின் சராசரி இழப்பைவிட அது குறைவு. நியாயமாகப் பார்த்தால் அதுவே போதும். ஆனால் "குறைவு" என்பது போதவில்லை, பூஜ்ஜியமாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. வெள்ளை விமானி நல்ல விமானியாக இருந்தால் போதும். கருப்பு விமானி குறையே இல்லாதவனாக இருக்க வேண்டும். முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்ததும் "கோட்டாவில் வந்தவன்" என்று கேட்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் அவர்கள் பறந்துகொண்டிருந்தபோது உள்நாட்டில் என்ன நடந்தது? 1945 ஏப்ரலில் இண்டியானாவின் ஃப்ரீமன் ஃபீல்டு தளத்தில் கருப்பின அதிகாரிகள் வெள்ளையருக்கு ஒதுக்கிய மன்றத்துக்குள் நுழைந்து கைதானார்கள். பிரிவினை விதியைப் படித்து ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னபோது 101 பேர் மறுத்தார்கள். போர்க்காலத்தில் மேலதிகாரியின் நேரடி உத்தரவை மறுத்தால் மரண தண்டனைவரை போகலாம். தெரிந்தேதான் மறுத்தார்கள். சில வாரங்கள் கழித்து அந்தக் குழுவின் வெள்ளைத் தளபதியை எடுத்துவிட்டு டேவிஸை அமர்த்தினார்கள். படையில் இனப்பாகுபாட்டுக்கு முடிவுகட்டும் ஆணையை 1948இல் ட்ரூமன் பிறப்பித்தார். அப்போது, பிரிவினை நீங்காவிட்டால் கருப்பு இளைஞர்களைப் படையில் சேர மறுக்கச் சொல்வோம் என்று ஏ. பிலிப் ராண்டால்ஃப் அறிவித்திருந்தார். டேவிஸின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமைக்கு வழி திறந்ததில் கையெழுத்துப் போடாத 101 பேருக்கும் பங்கு உண்டு. "தனிமனித வெற்றிக் கதை" எழுதுபவர்கள் அவர்களை விட்டுவிடுகிறார்கள்.

மிச்சக் காலம் வேகமாகப் போனது. 1953இல் கொரியாவில் சண்டை ஓய்ந்த சில மாதங்களில் அங்கே ஒரு போர் விமானப் பிரிவின் தளபதி. 1954இல் அமெரிக்க விமானப்படையின் முதல் கருப்பினத் தளபதிப் பதவி. 1967இல் பிலிப்பைன்சில் 13ஆவது வான்படையின் தலைமை.

இந்த இடத்தில் நமக்கு உறுத்துகிறது. அது வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அதே 1967இல்தான் மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போரை வெளிப்படையாகக் கண்டித்தார், முகமது அலி படையில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார். டேவிஸ் சீருடையில் இருந்தார். தன்னைக் "கருப்பின" என்ற அடைமொழியோடு அழைப்பதையே அவர் விரும்பவில்லை, தன்வரலாற்றின் தலைப்பில் "அமெரிக்கன்" என்றுதான் போட்டுக்கொண்டார். இந்த அரசியல் நம்முடையது அல்ல. ஆனாலும் நான்காண்டு மௌனத்தை வாங்கியவர் அவர், நாமல்ல. அதனால் தீர்ப்பு எழுதக் கை வரவில்லை.

1970இல் ஓய்வுபெற்றபோது மூன்று நட்சத்திரம். நான்காவதைக் கிளின்டன் 1998இல் சூட்டினார், டேவிஸுக்கு 86 வயது ஆகச் சில நாள் இருந்தபோது. 2002இல் இறந்தார். வெஸ்ட் பாயிண்ட்டில் இப்போது மாணவர் தங்கும் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர்.

விடுதித் தோழருக்கு ஒரு செய்தி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் "சமூகப் புறக்கணிப்பு" குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருவரோடு வழக்கமான சமூக உறவை நிறுத்துவது, மற்றவர்களிடமிருந்து தனிமைப்படுத்துவது இரண்டும் அதன் வரையறைக்குள் வருகின்றன. என்றைக்குப் பேச்சு நின்றது, யார் யார், சாட்சி யார் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். எழுதியதை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.