மூச்சு விடச் சொல்லிக் குடுக்க மண்டபத்துல இடம் இல்லையாம்

பதிவு கொஞ்சம் நீளம், பசியாறிட்டு நிதானமா படிங்க.

கர்ப்பிணிப் பெண்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சி நடத்த மண்டபத்தைக் கேட்டோம். வேலை ஓய்வு பெற்ற மிஸ்ஸி ஒருத்தர் இலவசமா வந்து சொல்லிக் குடுக்கிறேன்னாங்க. வந்த பதில் என்ன தெரியுமா? வயித்துப்பிள்ளைக்காரிங்க பாய் விரிச்சி உட்கார கோயில்ல இடம் இல்லையாம். ஒருத்தர் தீட்டுன்னே சொல்லிட்டாரு.

ஐயா, அதே மண்டபத்தைத்தானே வளைகாப்புக்கு வாடகைக்கு விடுறோம்? வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சோறு பரிமாறி, போட்டோவும் எடுக்கிறோம். அப்போ வராத தீட்டு, அதே பொண்ணு மூச்சை இழுத்து விடும்போது மட்டும் எங்கிருந்து வந்துச்சி? ஜூன் 21 யோகா தினத்துக்கு பேனர் கட்டி முன்வரிசையில உட்கார்ந்தவங்களும் நீங்கதானே?

நிர்வாகத்தை விட்டாலும், வாட்சாப் பண்டிதர்களை விட முடியாது. பிராணாயாமம் செஞ்சா சுகப்பிரசவம் நிச்சயம், ஆபரேஷனே தேவையில்லன்னு தினமும் ஒரு செய்தி வருது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைச்சிருந்தாலோ எந்த மூச்சு காப்பாத்தும்? ஆபரேஷன்ல பெத்தவளைப் பார்த்து "யோகா செஞ்சிருக்கலாமே"ன்னு கேக்கிறது வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறது. அதோட கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கி வைக்கிற கும்பகம் எல்லாம் கர்ப்பிணிக்கு ஆகாது. அதையும் சேர்த்து அனுப்பி வைக்கிறாங்க இந்த மகான்கள்.

சரி, மூச்சு என்னதான் செய்யும்? வலியை எடுத்துடாது. ஆனா பயந்தா உடம்பு இறுகும், இறுகினா வலி கூடும். பல்லைக் கடிச்சி மூச்சை அடக்கினாலும் தப்பு, நாய் மாதிரி வேகமா இளைச்சாலும் தப்பு. வேகமா விட்டா தலை சுத்தும், விரல் மரத்துப் போகும். நாலு எண்ணி மூக்கால இழுத்து, ஆறு எண்ணி வாயால மெதுவா விட்டா ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி. நல்லா வலிக்கிற நேரத்துல ஒரு வலி ஏறக்குறைய ஒரு நிமிஷம் நிக்கும். அப்போ ஆறு மூச்சு, வலி இறங்கிடும். அடுத்த வலி வர்ற வரைக்கும் ஓய்வு. தொழிற்சாலையில சைக்கிள் டைம் பார்த்தே காலம் போன எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. விடும்போது தொண்டையில வண்டு மாதிரி ரீங்காரம் போடுறது பிராமரி. தாடை தளரும்.

இது எல்லாமே நம்மகிட்ட இருந்து திருடினதுன்னு மார்தட்டவும் வேணாம். பிரான்சு டாக்டர் லாமாஸ் 1951-ல சோவியத் நாட்டுல பார்த்த முறையைத்தான் பாரிசுக்குக் கொண்டு போனாரு. நல்லது எங்க இருந்தாலும் எடுத்துக்குவோம்.

என் லைன்ல நிக்கிற பொண்ணுங்களைப் பார்க்கிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், காலு வீங்கிடும். பாதிப் பேருக்குப் பக்கத்துல அம்மாவும் இல்ல, மாமியாரும் இல்ல. காசு கட்டி தனியார் வகுப்புக்குப் போறவங்க போகட்டும், இவங்க எங்க போவாங்க? பிரசவ அறையில முதல் வலி வரும்போதுதான் மூச்சைப் பத்தியே கேள்விப்படணுமா?

புருஷன்மாரும் வரணும். 2023 ஜனவரியில இருந்து சட்டப்படி அப்பாவுக்கு 7 நாள் லீவு, அம்மாவுக்கு 98 நாள். லீவு வாங்கத் தெரிஞ்ச தம்பிக்கு, பொண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து ஆறு எண்ணவும் தெரியணும்ல?

கிளினிக் பிங்க் புத்தகத்தைக் கையில கொண்டு வரணும், டாக்டர் சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும்தான் பயிற்சி. மல்லாக்கப் படுக்க வைக்கவே மாட்டோம், சுவத்துல சாஞ்சி உட்கார்ந்தா போதும். சனிக்கிழமை மதியம் மண்டபம் பூட்டித்தான் கிடக்கு, பொதுக்கூட்டத்துல மறுபடியும் கேக்கப் போறேன். மறுக்கிறவங்க தீட்டுன்னு சொல்லாம, காரணம் என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பாயும் தலகாணியும் நான் கொண்டு வர்றேன்.