தையற்காரரின் கட்டைவிரல்

எழுதுகிறவருக்கு மணிக்கட்டு வலித்தால் அது ஒரு கட்டுரையாகிறது. விசைப்பலகையை மாற்றியது, நாற்காலியை உயர்த்தியது, மருத்துவரிடம் போனது என்று நாம் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறோம். தையற்காரருக்கு அதே மணிக்கட்டு வலித்தால், "வயசாயிடுச்சுல்ல, தைலம் தேயுங்க" என்கிறோம். அடுத்த வாக்கியத்திலேயே, ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்கிறோம்.

வயதைக் காரணம் காட்டுவது நமக்கு வசதியான அறியாமை. கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. கனத்த கத்தரிக்கோலைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை அங்கே இழுபடுகின்றன. ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் உறை தடித்து, வழி இறுகுகிறது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் இதை 1895இலேயே விவரித்துவிட்டார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்லிப் பாருங்கள். இந்நோய் உள்ளவர் துடித்துப்போவார். நாளெல்லாம் ஊசியை இடுக்கிக் காஜா எடுப்பவருக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை இரவில் மரத்துப்போவதும் உண்டு. அது வேறு நோய்.

தொழில்நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தையற்காரர்களின் மரத்துப்போன கால்களைக் கண்டார். கை ஓய்ந்துபோவதை எழுத்தர்களிடம் கண்டார். (எழுதுகிறவரின் கைக்குக் கிடைக்கும் தனிக் கவனம் அப்போதே தொடங்கிவிட்டது போலும்!)

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் இவ்விரு நோய்களும் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமோ ஈயம், பாதரசம், சிலிகோசிஸ் என்று அட்டவணையிட்டதே தவிர, தசைநாண் நோய்களைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும், ஒற்றை இயந்திரத்தோடு திண்ணையில் அமர்ந்திருப்பவர் அச்சட்டத்தின் எல்லைக்குள் வந்திருக்கமாட்டார்.

மருத்துவர் முதலில் சொல்வது, விரலை அசைக்காமல் கட்டிவைத்து ஓய்வு கொடுங்கள் என்பது. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவரிடம் இதைச் சொல்வது, அடுப்பை அணைத்துவைக்கச் சொல்வதற்குச் சமம். வலியோடு தைக்கிறார், வலி முற்றுகிறது, அறுவை சிகிச்சை என்ற பேச்சு வரும்போது கையில் பணம் இருப்பதில்லை.

இந்த அழகில் நம் இலக்கியக் கூட்டங்களில் தையற்காரரின் விரல்கள் 'நடனமாடுகின்றன'. லாவகம், நேர்த்தி, கைவண்ணம் என்று உருகுகிறோம். உருகி முடித்து, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் துணிப்பையோடு போய் நிற்கிறோம். அவசரத்துக்குக் கூடுதலாக ஐம்பது ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறோம்.

சென்ற தீபாவளிக்கு எங்கள் தெருமுனைப் பெரியவரிடம் நாமும் அப்படித்தான் நின்றோம். மணிக்கட்டில் கிழிந்த லைனிங் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். "என்னாச்சு?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்ல சார், சனிக்கிழமை வாங்க" என்றார்.

நாமும் சனிக்கிழமை போனோம்.