கல்லும் அது கிடந்த இடமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் அருகே ஒரு பெரிய களிமண் நிலம் இருக்கிறது. மழைநீர் அறுத்து அறுத்து அதை மேடும் ஓடையுமாக ஆக்கியிருக்கிறது. மண்ணில் கலந்த ஜிப்சம் துண்டுகள் வெயிலில் மின்னும். அவற்றுக்கு நடுவே விரல் நீளக் கல் குச்சிகளும், வரி வரியாக மேடிட்ட சுருள் கற்களும் கிடப்பதுண்டு. குச்சிகளுக்குப் பெலம்னைட் என்று பெயர். சுருள்களுக்கு அம்மோனைட் என்று பெயர். இரண்டும் கடலில் வாழ்ந்த உயிர்களின் எச்சங்கள். இன்றைய கடற்கரையோ இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது.

இப்படிப்பட்ட கற்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், வெறும் ஆர்வத்தால் வருபவர்கள் என்று பலரும் அரியலூர், பெரம்பலூர் பக்கமும் வருகிறார்கள். அம்மோனைட் என்றால் என்ன, அது எப்படிக் கல்லானது, அது எதைச் சொல்கிறது என்பது தெரிந்தால்தான், அதை எடுப்பதா, விடுவதா, எடுத்தால் எப்படி எடுப்பது என்பதைப் பற்றித் தெளிவாகப் பேச முடியும்.

முதலில் அந்த உயிர். பார்வைக்கு நத்தை போல இருந்தாலும் அம்மோனைட் நத்தையினம் அல்ல. கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவு அது. தலையிலிருந்தே கைகள் கிளைப்பதால் இந்தக் கூட்டத்தைத் தலைக்காலிகள் என்பார்கள். நத்தையின் ஓடு உள்ளே தடுப்பில்லாத ஒரே குழல். அம்மோனைட்டின் ஓடு அப்படியல்ல. உயிர் வளர வளர, ஓட்டின் வாய்ப்பக்கம் நீளும். உயிர் முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்னால் ஒரு தடுப்புச்சுவரை எழுப்பிக்கொள்ளும். இப்படி அறை அறையாக ஓடு பெருகும். கடைசி அறையில் மட்டுமே உயிர் குடியிருக்கும். பின்னால் உள்ள அறைகளை ஒரு மெல்லிய குழாய் இணைக்கும். அந்தக் குழாய் வழியாக அறைகளிலிருந்த நீர் வெளியேற, அந்த இடத்தை வாயு நிரப்பும். கனமான ஓட்டைச் சுமந்துகொண்டே கடலில் மிதக்க இதுதான் வழி செய்தது.

அம்மோனைட்டுகளின் மூதாதையர் தோன்றி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில், இந்த இனம் அடியோடு முடிந்தது. தொலைவு உறவான நாட்டிலஸோ பிழைத்து இன்றும் கடலில் இருக்கிறது. அளவிலும் வடிவிலும் அம்மோனைட்டுகள் ஒன்றைப் போல ஒன்று இருந்ததில்லை. உள்ளங்கையில் அடங்குபவை உண்டு. ஜெர்மனியின் செப்பன்ராடு என்ற ஊரில் 1895இல் கிடைத்த ஓட்டின் குறுக்களவோ 1.7 மீட்டருக்கும் மேல். சுருளாமல் நேராக நீண்ட பாக்குலைட்டஸ், கோபுரமாகச் சுற்றிய டர்ரிலைட்டஸ் போன்ற வகைகளும் இருந்தன.

அடுத்தது, ஓடு கல்லான விதம். உயிர் இறந்தபின் ஓடு கடலடிச் சேற்றில் விழுந்து புதைந்தது. சேறு ஓட்டுக்குள்ளும் புகுந்தது. நாளடைவில் சேறு இறுகிக் கல்லானது. ஓடு எளிதில் கரையக்கூடிய அரகனைட் என்ற கனிமத்தால் ஆனது. ஆகவே பல இடங்களில் ஓடு கரைந்து போய், உள்ளே இறுகிய கல் மட்டும் மிஞ்சியது. இதை உள்வார்ப்பு என்கிறோம். ஓட்டின் வெளிப்புறம் சுற்றியிருந்த சேற்றில் பதிந்திருந்தால் அது புறஅச்சு. வைணவர் இல்லங்களில் பூசையில் இருக்கும் சாளக்கிராமங்களில் பல, நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய கல் உருண்டைகள். அவற்றுக்குள் தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் அச்சுதான்.

ஓர் உள்வார்ப்பைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், அதன் மேல் நெளிநெளியான கோடுகள் குறுக்கே ஓடுவது தெரியும். தடுப்புச்சுவர் ஒவ்வொன்றும் ஓட்டின் உட்புறத்தைத் தொட்ட இடம் அது. இதற்குப் பொருத்துக்கோடு என்று பெயர். நாட்டிலஸின் தடுப்புச்சுவர் வழுவழுப்பாக வளைந்திருக்கும். ஆகவே அதன் கோடும் எளிமையானது. அம்மோனைட்டின் தடுப்புச்சுவரோ விளிம்பில் மடிந்து, மடிப்புக்குள் மடிப்பாகப் பிரிந்திருக்கும். அதன் கோடும் கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும். இந்தக் கோட்டின் அமைப்பு, மேலுள்ள வரிகளின் எண்ணிக்கை, சுருளின் இறுக்கம், புடைப்புகள் இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் இனம் பிரிக்கிறார்கள்.

இனம் பிரிப்பதால் என்ன கிடைக்கிறது? காலம் கிடைக்கிறது. அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன. பத்து லட்சம் ஆண்டுகூட நிலைக்காத இனங்கள் பல. நிலவியல் கணக்கில் இது மிகக் குறுகிய காலம். அதோடு, அவை கடல்களில் பரவி வாழ்ந்தன. ஆகவே ஒரு பாறையடுக்கில் குறிப்பிட்ட ஓர் இனம் கிடைத்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தைச் சுருக்கமான எல்லைக்குள் சொல்லிவிடலாம். அதே இனம் வேறொரு நாட்டில் கிடைத்தால், இரண்டு அடுக்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்றும் சொல்லலாம். ஓர் இனத்தால் அடையாளம் காணப்படும் இத்தகைய அடுக்கு மண்டலம் எனப்படும். ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஓப்பல் 1850களில் ஐரோப்பாவின் ஜுராசிக் காலப் பாறைகளை இப்படி மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். அந்த முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

நம் பகுதியில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். கிரிட்டேசியஸ் காலத்தில், இன்றிலிருந்து சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் இங்கே நிலத்துக்குள் புகுந்தது. அது பலமுறை ஏறியும் இறங்கியும் அடுக்கடுக்காக மணலும் களிமண்ணும் சுண்ணாம்பும் படியவைத்தது. இந்த அடுக்குகளை முதலில் முறையாக வரைபடமாக்கியவர் எச். எஃப். பிளான்ஃபோர்ட். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1862இல் வெளிவந்தது. அடியில் ஊட்டத்தூர்த் தொகுதி, அதன் மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கும் மேல் அரியலூர்த் தொகுதி என்று அவர் பெயரிட்டார். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே நடந்தால், பழையதிலிருந்து புதியதற்கு நடக்கிறோம். காரைக் களிமண் பழையது. அரியலூர்ச் சுண்ணாம்பு அதற்குப் பிந்தியது. இன்னும் கிழக்கே நின்னியூர்ச் சுண்ணாம்பு, பேரழிவுக்குப் பின் கடல் மீண்டும் வந்தபோது படிந்தது. அதில் நாட்டிலஸ் வகை ஓடுகள் உண்டு. அம்மோனைட் கிடையாது.

இந்த ஒழுங்கு வெளிப்பட்டதற்குச் சேகரிப்பே காரணம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, திருச்சி வட்டாரங்களில் திரட்டிய புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பிறகு ஃபெர்டினாண்ட் ஸ்டொலிச்கா 1860களில் தென்னிந்திய அம்மோனைட்டுகளைப் படங்களோடு விரிவாக விவரித்தார். அவர் பெயரால் அழைக்கப்படும் ஸ்டொலிச்கையா என்ற அம்மோனைட் வகையைக் கொண்டு ஐரோப்பாவிலும் ஒரு மண்டலத்தை அடையாளம் காண்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மாதிரிகள் பலவற்றுக்கு ஊர்ப் பெயர் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லை. மண்டலங்களை வகுக்க, பின்னால் வந்தவர்கள் மறுபடியும் களத்துக்குப் போய் அடுக்கு அடுக்காகத் திரட்ட வேண்டியிருந்தது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் 1968இல் வெளியிட்ட மண்டலப் பிரிப்பு அத்தகைய உழைப்பின் பயன்.

சேகரிப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி இதில் இருக்கிறது. அம்மோனைட்டின் மதிப்பில் பாதி கல்லில் இருக்கிறது. மறுபாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. கோயில் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த கல்வெட்டில் எழுத்து அப்படியே இருக்கும். எந்தக் கோயில், எந்தச் சுவர், முன்னும் பின்னும் என்ன வாசகம் என்பது போய்விடும். இடம் தெரியாத அம்மோனைட்டின் நிலையும் அதுவே.

ஆகவே முறையான சேகரிப்பு பதிவில் தொடங்குகிறது. கல்லைத் தொடுவதற்கு முன், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். கைப்பேசியில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறிக்க வேண்டும். அடுத்த கேள்வி முக்கியமானது. கல் அடுக்குக்குள் பதிந்திருந்ததா, மேலே தளர்வாகக் கிடந்ததா? பதிந்திருந்தால் அது அந்த அடுக்கின் சாட்சி. தளர்வாகக் கிடந்தால், மேலிருந்து மழைநீர் உருட்டி வந்திருக்கலாம். அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பாறையின் நிறம், மண்ணின் தன்மை, அருகே கிடைத்த மற்ற ஓடுகள் ஆகியவற்றையும் எழுதிவைப்பது நல்லது. பிறகு கல்லுக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணைச் சீட்டிலும் குறிப்பேட்டிலும் எழுதி, கல்லைத் தாளில் சுற்றிச் சீட்டோடு ஒரே பையில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியதும் எளிமையானதே. தண்ணீர், மென்மையான தூரிகை, ஒட்டிய மண்ணைக் குத்தி எடுக்க ஓர் ஊசி. பல படிவங்களுக்கு இவ்வளவு போதும். களிமண் படிவம் தண்ணீரில் கரையக்கூடும். முதலில் ஓரத்தில் நனைத்துப் பார்க்க வேண்டும். அமிலத்தில் போடக் கூடாது. சுண்ணாம்புக் கல்லும், மிஞ்சியிருக்கும் ஓடும், பொருத்துக்கோடும் அதில் கரைந்துபோகும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசினால், பின்னால் ஆராய்பவருக்கு மேற்பரப்பு மறைந்துவிடும்.

எடுப்பதே சரியா என்ற கேள்விக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. காரை நிலத்தில் ஒவ்வொரு மழையும் புதிய படிவங்களை வெளிக்கொண்டு வருகிறது. முன்பு வெளிவந்தவற்றை அதே மழை உடைத்தும் கரைத்தும் விடுகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் வெட்டும்போது தென்படும் படிவம் எடுக்கப்படாவிட்டால் சிமென்ட் ஆலைக்குப் போகும். இங்கே எடுப்பது காப்பாற்றுவதே. மறுபக்கம், பைபையாக அள்ளிச் செல்பவர்களும் விற்பவர்களும் இருந்தால், சிறிய இடத்திலுள்ள படிவங்கள் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் தன் புவிமரபுச் சின்னங்களின் பட்டியலில் காரை நிலத்தைச் சேர்த்திருக்கிறது. கல்மரம் இருக்கும் சாத்தனூரும் அந்தப் பட்டியலில் உண்டு.

இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே கடல் பாறைச்சுவரைத் தொடர்ந்து அரிக்கிறது. விழுந்து கிடக்கும் படிவத்தை எடுக்கலாம், பாறைச்சுவரை அனுமதியின்றித் தோண்டக் கூடாது, அறிவியலுக்கு முக்கியமானவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு நடைமுறையை அங்கே வகுத்திருக்கிறார்கள். சார்மத் என்ற ஊரிலுள்ள மையத்தில் அந்தப் பதிவு நடக்கிறது.

இதே அளவுகோல் நமக்கும் பெரிதும் பொருந்தும். நிலத்துக்கும் சுரங்கத்துக்கும் உரியவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடத்தில் எதையும் எடுக்கக் கூடாது. அடுக்கில் பதிந்திருப்பதைப் படமெடுத்து, தகவல் சொல்லி, துறை தெரிந்தவர்களிடம் விட வேண்டும். எடுக்கும் சிலவற்றைக் குறிப்போடு எடுக்க வேண்டும். இவை தனி ஆர்வலரின் கடமைகள். அவர் கொண்டுவரும் தகவலை வாங்கி எழுதிவைக்க ஓர் இடமும் வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் வாரணவாசியில் ஏற்கெனவே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதியும் பதிவேடு ஒன்று அங்கே திறந்திருந்து, சுரங்கத் தொழிலாளியும் பள்ளி மாணவரும் தயக்கமின்றி வந்து எழுதிவிட்டுப் போக முடிந்தால், அது தடையுத்தரவு ஒன்றைவிட அதிகப் படிவங்களைக் காப்பாற்றும் என்றே தோன்றுகிறது.