மலையிலிருந்து மலைக்கு ஒலி

தப்புக்கும் உடுக்குக்கும் மின்சாரம் தேவைப்பட்டதில்லை. இந்த மலையில் அடித்த தப்பு பனிமூட்டத்தையும் கடந்து அடுத்த மலையில் கேட்டது. பெரட்டுக்கு ஆள் கூட்டவும் அதுவே போதுமாயிருந்தது. இன்றோ, மாசியிலே காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினாலும், மாரியம்மனுக்குக் கரகம் பாலித்தாலும், ஒலிபெருக்கி வந்து சேராமல் திருவிழா தொடங்குவதில்லை. அதைப் பொருத்துகிறவர் பெரும்பாலும் அதே தோட்டத்து இளைஞர்தாம். பிறர் செய்வதைப் பார்த்துப் பழகிய கைப்பழக்கமே அவருடைய படிப்பு. அவரையும், அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் மாணவரையும் மனத்திற்கொண்டே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. கோயில் மேட்டிலே அம்பிளிபயர் இருக்கிறது. அங்கிருந்து கீழ் லயத்துக்கு 200 மீற்றர் கம்பி இழுத்து ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டுகிறோம். கோயிலடியில் உள்ளது காதைப் பிளக்கிறது. கீழே உள்ளதோ முனகுகிறது. காரணம் யாது? அம்பிளிபயருக்கு வலு போதாது என்று எண்ணிக் குமிழை முழுவதும் திருகுவோர் பலர். குற்றம் அம்பிளிபயரில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பிக்குக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 12 ஓம் தடை உண்டு. மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே 200 மீற்றர் தூரத்துக்குக் கம்பி 400 மீற்றர், தடை ஏறக்குறைய 5 ஓம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம். மொத்தம் 13 ஓம். அம்பிளிபயர் தரும் வோல்ட்டளவில் பதின்மூன்றில் எட்டுப் பங்குதான் கீழ் லயத்தை அடைகிறது. வலுவோ வோல்ட்டளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலால் அம்பிளிபயரின் அருகில் 100 வாட் பெறக்கூடிய ஒலிபெருக்கி, கீழே 38 வாட் அளவே பெறும். எஞ்சியது ஒலிபெருக்கியை எட்டவேயில்லை.

இதற்கான மருந்து நம் மலைநாட்டிலேயே பல்லாண்டுகளாகக் கண்முன் இருக்கிறது. இம்மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே கட்டுரை படித்தார். லக்ஷபான நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தை மலையிறக்கிக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல வேண்டுமே; எங்ஙனம் கொண்டுசென்றார்கள்? வோல்ட்டளவை மிக உயர்த்தி அனுப்பினார்கள். வோல்ட்டளவு உயர்ந்தால், அதே வலுவுக்கு மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் குறைந்தால் கம்பியிலே வீணாவதும் குறையும். (அந்தக் கம்பிகள் தம் தலைக்கு மேலே போவதை லயத்து மக்கள் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் நெடுங்காலம் பார்த்திருந்தார்கள் என்பது வேறு கதை.)

பொது ஒலிபரப்புக்கென்று செய்யப்பட்ட அம்பிளிபயர்களும் இதே உபாயத்தையே கையாளுகின்றன. அவற்றின் பின்புறத்திலே 4 ஓம், 8 ஓம் என்னும் முனைகளோடு 100 வோல்ட் என்று ஒரு முனையும் இருக்கும். தூரத்து ஒலிபெருக்கிகளை அந்த முனையிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் சிறு டிரான்ஸ்போமர் ஒன்று இருத்தல் அவசியம். 30 வாட்டுக்குப் பொருத்திய அத்தகைய ஒலிபெருக்கி, கம்பிக்கு 333 ஓம் தடைபோலத் தோன்றும். அதற்கு முன் 5 ஓம் கம்பி எம்மாத்திரம்? முன்பு நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இழந்த நாம் இப்போது மூன்றே இழக்கிறோம்.

கட்டுகின்ற ஒலிபெருக்கிகளின் வாட் அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். 120 வாட் அம்பிளிபயருக்கு 30 வாட்டில் மூன்று கட்டினால் 90. அது நிம்மதியாக வேலை செய்யும். ஐந்து கட்டினால் மூச்சுத் திணறும். டிரான்ஸ்போமர் இல்லாத 8 ஓம் ஒலிபெருக்கியைத் தவறிப்போய் 100 வோல்ட் கம்பியில் கட்டிவிட்டால் அது 1,250 வாட் கேட்கும். ஒலிபெருக்கி கருகும், அம்பிளிபயரும் கூடவே போகலாம். ஒரே அம்பிளிபயரில் 8 ஓம் முனையையும் 100 வோல்ட் முனையையும் ஒருங்கே பயன்படுத்துவதும் கூடாது. மேடையருகே மட்டும் 8 ஓம் பெட்டிகளை வைப்போர், இரண்டை ஒருபோகாக இணைத்தால் 4 ஓம், நான்கை அவ்வாறு இணைத்தால் 2 ஓம் என்பதை மறவாதிருப்பார்களாக. 4 ஓமுக்குக் குறையாமல் கட்டுக என்று எழுதிய கருவி 2 ஓமில் சுட்டுப் பொசுங்கும்.

இனி ஈரத்தைப் பற்றி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் நாடு. ஈரமான மண், வெறுங்கால், கையிலே உலோக ஒலிவாங்கி: இம்மூன்றும் கூடிய இடத்திலே எர்த் கம்பி ஒன்றுதான் பாடகருக்கும் யமனுக்கும் நடுவே நிற்கிறது. லெஸ் ஹார்வி என்ற ஸ்கொத்லாந்துக் கிற்றார்க் கலைஞர் 1972 மே மாதம் சுவான்சி நகரிலே, மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன், எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். இங்கிலாந்துக்கு அயலான வேல்ஸ் நாட்டு மண்டபத்திலேயே அப்படியென்றால் நம் கோயில் முற்றத்தைச் சொல்ல வேண்டுமா?

பிளக் இல்லாத கம்பி நுனிகளைச் சுவர்த் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிற வழக்கம் நம்மிடையே உண்டு. அதிலே எர்த் கம்பிக்கு இடமேயில்லை. இன்னொரு வழக்கம் அதைவிடப் பொல்லாதது. ஒலிபெருக்கியிலே ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால், எர்த் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் நின்றுவிடும், உயிர்க்காவலும் அத்தோடு நின்றுவிடும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் இரைச்சல் தானே அடங்கும். அப்பலகைக்கு 30 மில்லி அம்பியரில் விழுகின்ற ‘டிரிப் சுவிட்ச்’ ஒன்றைப் பொருத்தி, விழாவுக்கு முன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆயினும் அம்பிளிபயரின் பின்னே போகும் 100 வோல்ட் கம்பிக்கு அந்தக் காவல் கிடையாது. பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கையிலே அதன் மூட்டுக்களைத் தொடவே கூடாது. வீதி மின்கம்பியிலே கொக்கி போடுவதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. செய்கிறவருக்கே தெரியும் அது என்னவென்று.

மழைக்குப் பயந்து அம்பிளிபயரைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுகிறார்கள். குளிருக்குப் போர்த்துவது போல இது நமக்கு அன்பாகத் தோன்றுகிறது, கருவிக்கோ கொலை. சூடு வெளியேற வழி வேண்டும். கூரையுள்ள இடத்தில், மேசைமேல், பின்புறம் காற்றோட்டமாக வைத்தலே முறை. குளிரில் கிடந்த கருவியைச் சனம் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளே பனித்துளி படியும். ஒரு மணி நேரமேனும் பொறுத்துப் பிறகு மின்சாரம் கொடுக்கலாம்.

ஏற்றும்போது ஒலிவாங்கிகள் சேரும் கலவைக் கருவி முதலிலும், அம்பிளிபயர் கடைசியிலும். நிறுத்தும்போது அம்பிளிபயர் முதலில். இந்த வரிசை தவறினால் ‘டமார்’ என்ற அதிர்ச்சி நேரே ஒலிபெருக்கியின் மெல்லிய தகட்டைத் தாக்கும். ஜெனரேற்றர் வைத்திருப்போர் அது சீராக ஓடத் தொடங்கிய பின்னரே அம்பிளிபயரைப் போடுக. எண்ணெய் தீருமுன் அம்பிளிபயரை நிறுத்துக. ஜெனரேற்றரின் புகை நஞ்சு. அதன் இடம் திறந்த வெளி.

சிவப்பு விளக்கு எரிய எரியக் குமிழைத் திருகுகிறவர்களுக்கு ஒரு சொல். அம்பிளிபயரின் எல்லைக்கு மேல் போனால் ஒலியலையின் தலையும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. காதுக்கு அது கரகரப்பு. ஒலிபெருக்கியின் சுருளுக்கு ஓயாத சூடு. சிறிய அம்பிளிபயரை முறுக்கி ஓட்டியே பெரிய ஒலிபெருக்கிகளை எரித்துவிடலாம் என்பது பலருக்கும் வியப்பாயிருக்கும். ஒரே குழாயை அலறவிடுவதினும், சனம் இருக்கிற இடந்தோறும் சிறியதாக ஒவ்வொன்றைத் தாழ்வாகக் கட்டுவதே என் கட்சி. பாட்டும் புரியும், பச்சைக் குழந்தையும் தூங்கும்.

தூக்கம் என்றதும் சட்டமும் நினைவுக்கு வருகிறது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வனுமதி வழங்கலாகாதென்று உயர் நீதிமன்றம் 2007 இல் பொதுவிதியாகக் கூறியது. விசேட வைபவங்களுக்கு மட்டும் வரையறுத்த விலக்கு உண்டு. காமன் கூத்தோ விடிய விடிய ஆடும் கூத்து. இங்கேயும் 100 வோல்ட் கம்பி கைகொடுக்கிறது. கீழ் லயத்துக்குப் பிரியும் கிளைக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டால், பத்து மணிக்கு அதை மட்டும் நிறுத்திவிடலாம். மற்ற ஒலிபெருக்கிகளுக்கு ஒரு குறையும் வராது. அனுமதி உள்ள வரையில் களத்தருகே ஒன்று மெதுவாக ஒலிக்கட்டும். அதன்பிறகு ரதி மதனுக்குத் தப்பு இருக்கிறது.